தெரு யார் கையில்? எல் சால்வடோரும் கும்பல் வன்முறையும்

நகரங்களில் குற்றமே நிகழாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் தனி ஆட்கள் செய்யும் குற்றத்துக்கும், ஒரு கும்பல் ஒரு தெருவையோ குடியிருப்பையோ முழுதாகத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு செய்யும் வன்முறைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. திருடன் வந்து திருடிவிட்டுப் போய்விடுகிறான். கும்பலோ அதே தெருவில் குடியிருந்து, யார் உள்ளே வரலாம், யார் கடை வைக்கலாம், அந்தக் கடைக்காரர் வாரந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும், கட்டத் தவறினால் என்ன தண்டனை என்பதையெல்லாம் தானே முடிவுசெய்கிறது. வரி வாங்குவதும் எல்லை வகுப்பதும் தண்டிப்பதும் அரசுக்குரிய வேலைகள். அவற்றை ஒரு கும்பல் எடுத்துக்கொண்டுவிட்ட இடத்தில், அங்கே நடப்பது யாருடைய ஆட்சி என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு எத்தனை விதமாகப் பதில் தேடலாம் என்பதையும், ஒவ்வொரு பதிலுக்கும் என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதையும் அறிய, மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோரைப் போல வேறொரு நாடு உதவாது. பரப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, மக்கள்தொகையில் சுமார் 60 லட்சம் என்ற அளவிலான அந்தச் சிறிய நாட்டில், 2015ஆம் ஆண்டில் மட்டும் 6,600க்கும் மேற்பட்டோர் கொலையுண்டார்கள். லட்சம் பேருக்கு நூறு பேருக்கும் மேல் என்ற அந்த விகிதம், போர் நடக்காத நாடுகளிலேயே அன்று மிக உயர்ந்தது. இந்தியாவில் இந்த விகிதம் இரண்டு மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அதே நாட்டில் 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்த கொலைகள் 114 என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றை உலகின் பல தலைவர்கள் இன்று முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்பதால், அவை நிதானமாக ஆராயப்பட வேண்டியவை.

போரும் சிறையும் பெற்ற பிள்ளை

எல் சால்வடோரின் கும்பல்கள் அந்த மண்ணில் பிறந்தவை அல்ல. 1980 முதல் 1992 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்து, பிகோ யூனியன், வெஸ்ட்லேக் போன்ற நெரிசலான பகுதிகளில் குடியேறினார்கள். பெற்றோர் இரண்டு மூன்று வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்க, போரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்த பிள்ளைகள், ஏற்கெனவே தெருக்களைப் பங்கிட்டு வைத்திருந்த கும்பல்களின் நடுவே வளர நேர்ந்தது. தற்காப்புக்காகவும் தோழமைக்காகவும் அந்தப் பிள்ளைகள் சேர்த்துக்கொண்ட கூட்டமே 'மாரா சால்வட்ருச்சா'. 'மாரா' என்பது சால்வடோர் பேச்சுவழக்கில் நண்பர் கூட்டத்தைக் குறிக்கும் சாதாரணச் சொல். பின்னாளில் கலிபோர்னியச் சிறைகளை ஆட்டிப்படைத்த மெக்சிகன் மாஃபியாவுக்குக் கட்டுப்பட்டதன் அடையாளமாக, அகரவரிசையில் 13ஆம் எழுத்தான 'எம்' என்பதைக் குறிக்கும் எண் சேர்ந்து, அது எம்.எஸ்.-13 ஆயிற்று. அதன் எதிரியான 'பாரியோ 18', அதாவது பதினெட்டாம் தெருக் கும்பல், அதைவிட மூத்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அதே நகரில் தொடங்கியது.

1992இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த பெருங்கலவரத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு இந்த இளைஞர்களை நாடுகடத்துவதில் முனைப்புக் காட்டியது. 1996இல் வந்த குடியேற்றச் சட்டம் சிறு குற்றங்களுக்கும் நாடுகடத்தலை விரிவுபடுத்தியது. கைக்குழந்தையாக நாட்டைவிட்டுப் போனவர்கள், தாய்மொழியான ஸ்பானியத்தையே தட்டுத்தடுமாறிப் பேசும் இளைஞர்களாக விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களை எதிர்கொண்ட நாடு அப்போதுதான் போரிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 1992 ஜனவரி 16 அன்று கையெழுத்தான அமைதி உடன்படிக்கையின்படி பழைய பாதுகாப்புப் படைகள் கலைக்கப்பட்டுப் புதிய தேசியக் குடிமைக் காவல்துறை உருவாகிக்கொண்டிருந்தது. போர் விட்டுச்சென்ற துப்பாக்கிகள் எங்கும் கிடைத்தன. பிழைப்புக்காக வெளிநாடு போன பெற்றோரின் பிள்ளைகள் பாட்டிமாரிடம் வளர்ந்துகொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் உடையும் பச்சை குத்திய உடலும் கைக்குறிகளுமாக வந்திறங்கியவர்களை உள்ளூர்ப் பிள்ளைகள் வியப்போடு பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். ஒரு நாட்டின் போரும் இன்னொரு நாட்டின் சிறையும் சேர்ந்து பெற்ற பிள்ளையாக எல் சால்வடோரின் கும்பல் வளர்ந்தது.

மாமூலும் எல்லைக்கோடும்

இந்தக் கும்பல்களின் அடிப்படை அலகு 'கிளிகா' எனப்பட்டது. ஒரு குடியிருப்பையோ சில தெருக்களையோ ஆளும் சிறு பிரிவு அது. அதன் உயிர்நாடி 'ரெந்தா', அதாவது வாடகை. தமிழில் மாமூல் என்றால் உடனே விளங்கும். சோள மாவுக்குள் பாலாடைக்கட்டியோ அவரை மசியலோ வைத்துத் தட்டிச் சுடும் 'புப்பூசா' அந்நாட்டின் அன்றாட உணவு. தெருவோரம் அதைச் சுட்டு விற்கும் பெண் முதல் பேருந்து முதலாளி வரை எல்லோரும் மாமூல் கட்டினார்கள். முறை எளிமையானது. ஒரு நாள் காலையில் ஒரு சிறுவன் கடைக்கு வந்து ஒரு கைப்பேசியைக் கொடுத்து, 'அழைப்பு வரும், எடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவான். சற்று நேரத்தில் வரும் அழைப்பில், பெரும்பாலும் சிறைக்குள்ளிருந்து பேசும் ஒரு குரல், தொகையையும் கட்ட வேண்டிய நாளையும் சொல்லும். கடைக்காரரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதையும் அந்தக் குரல் அறிந்திருக்கும். கட்டாத பேருந்து நிறுவனங்களின் ஓட்டுநர்கள் இருக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2010 ஜூனில் தலைநகரை ஒட்டிய மெஹிகானோஸ் பகுதியில் ஒரு பேருந்து பயணிகளோடு சேர்த்துக் கொளுத்தப்பட்டு 17 பேர் மாண்டபோது நாடே நடுங்கியது.

மாமூலைவிடக் கொடுமையானது எல்லைக்கோடு. எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தக் கோட்டின் இருபுறமும் வெவ்வேறு கும்பல்கள் ஆண்டன. அதைத் தாண்டுகிறவரின் அடையாள அட்டையை வாங்கி முகவரியைப் பார்ப்பார்கள். எதிரிப் பகுதியின் முகவரி இருந்தால் அந்த அட்டையே மரண ஓலையாகலாம். நாலு தெரு தள்ளியிருந்த உறவினர் வீட்டுக்குப் பல ஆண்டுகள் போகாதவர்கள், பள்ளி எல்லைக்கு அப்பால் இருந்ததால் படிப்பை நிறுத்திய பிள்ளைகள், கும்பலில் ஒருவனின் கண்ணில் பட்டுவிட்டாள் என்பதற்காகவே இரவோடிரவாக ஊரைவிட்டு அனுப்பப்பட்ட மகள்கள் என்று அந்தக் கோடுகள் குடும்பங்களைக் கூறுபோட்டன. 'பார், கேள், வாயை மூடு' என்று சுவர்களில் எழுதப்பட்ட மூன்று கட்டளைகளே அந்தத் தெருக்களின் சட்டமாக இருந்தன.

ஆயினும் இந்த ஆட்சியை நடத்தியவர்கள் செல்வந்தர்களாகவில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சால்வடோரின் 'எல் ஃபாரோ' இதழும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட புலனாய்வின்படி, எம்.எஸ்.-13 ஆண்டுக்கு ஈட்டியது சுமார் 3.12 கோடி டாலர். உறுப்பினர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 65 டாலர், அதாவது வயலில் கூலி வேலை செய்பவரின் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி. பணத்துக்காக மட்டும் பிள்ளைகள் இதில் சேர்ந்தார்கள் என்று கொள்வதற்கு இந்தக் கணக்கு இடம்தரவில்லை. தெருவில் ஓர் இடம், ஒரு பெயர், தன்னைப் பார்த்துப் பிறர் ஒதுங்கும் ஒரு மதிப்பு ஆகியவை வேறெங்கும் கிடைக்காத பன்னிரண்டு பதின்மூன்று வயதில், கும்பல் அவற்றைத் தந்தது. கும்பலை ஒழிக்க முனைந்த அரசுகள் பெரும்பாலும் காணத் தவறியது இதைத்தான்.

இரும்புக்கரம்

2003 ஜூலையில் அதிபர் பிரான்சிஸ்கோ ஃப்ளோரஸ் 'மானோ தூரா' என்ற திட்டத்தை அறிவித்தார். சொல்லுக்குச் சொல் 'கடினமான கை' என்று பொருள்படும் அதனைத் தமிழில் இரும்புக்கரம் எனலாம். காவலர்களும் படைவீரர்களும் சேர்ந்து குடியிருப்புகளைச் சுற்றிவளைத்தார்கள். உடலில் பச்சை குத்தியிருப்பதும் கைக்குறி காட்டுவதும் கைதுக்குப் போதிய காரணங்களாயின. குற்றம் செய்ததற்காக அன்றி, தோற்றத்துக்காக ஒருவரைத் தண்டிக்க வழிசெய்த அந்தச் சட்டத்தை 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. கைதானவர்களில் பெரும்பாலோர் ஆதாரமில்லாததால் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் தேர்தல் களத்தில் திட்டம் பலன் தந்துவிட்டதால், அடுத்து வந்த அதிபர் அந்தோனியோ சாகா அதே ஆண்டில் அதனை இன்னும் கடுமையாக்கிப் புதுப் பெயரில் தொடர்ந்தார்.

கொலைகள் குறையவில்லை, ஓரிரு ஆண்டுகளிலேயே ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டின. அதற்குக் காரணம் சிறைக்குள்ளேயே இருந்தது. எதிரிக் கும்பல்கள் ஒன்றையொன்று கொன்றுகொள்ளாமல் தடுக்க, ஒவ்வொரு கும்பலுக்கும் தனிச் சிறை ஒதுக்கப்பட்டது. அதுவரை தெருவுக்குத் தெரு சிதறிக் கிடந்த கிளிகாக்களின் தலைவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடி, நாடு தழுவிய தலைமையை அங்கேயே அமைத்துக்கொண்டார்கள். மாமூல் வசூல் முறைப்படுத்தப்பட்டது. புதியவர்கள் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம் என்று கட்டளை பிறந்தது. அரசு கட்டிய சிறை கும்பலின் தலைமைச் செயலகமாயிற்று.

பிணங்களின் பேரம்

பத்தாண்டுக் கடுமை தோற்றபின், 2012 மார்ச்சில் அதிபர் மௌரிசியோ ஃபூனஸின் அரசு எதிர்த்திசையில் திரும்பியது. நீதி, பொதுப் பாதுகாப்புத் துறை அமைச்சர் தாவித் முங்கியா பாயஸின் ஒப்புதலோடு, முன்னாள் கெரில்லாப் போராளியும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான ராவுல் மிஹாங்கோவும் கத்தோலிக்க ஆயர் ஃபாபியோ கொலிந்த்ரஸும் சிறைகளில் இரு கும்பல்களின் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார்கள். தலைவர்கள் கடுங்காவல் சிறையிலிருந்து கெடுபிடி குறைந்த சிறைகளுக்கு மாற்றப்பட, அவர்கள் தங்கள் ஆட்களுக்குக் கொலையை நிறுத்தும்படி சொல்லியனுப்பினார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பதினான்கு என்றிருந்த கொலைகள் சில நாட்களிலேயே ஐந்து ஆறாக இறங்கின. 2011இல் 4,371 ஆக இருந்த கொலைகள் 2012இல் 2,594 ஆயின.

ஆயிரக்கணக்கான உயிர்களை இந்தப் போர்நிறுத்தம் காத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் செய்தி எல் ஃபாரோ இதழில் வெளியானபோது அரசு தன் பங்கை மறைத்தது, மக்களிடம் எதுவும் விளக்கப்படவில்லை, மாமூல் நிற்கவில்லை, எல்லைக்கோடுகள் அழியவில்லை. கும்பலைவிட்டு வர நினைத்த இளைஞனுக்கு வேலையோ படிப்போ தரும் ஏற்பாடுகள் பெரும்பாலும் பேச்சோடு நின்றன. 2014இல் எல்லாம் சரிந்து, 2015இல் கொலைகள் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டன. அந்தப் பேரத்துக்காகவே ஃபூனஸுக்கும் முங்கியா பாயஸுக்கும் 2023இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நிகராகுவாவில் தஞ்சம் புகுந்திருந்த ஃபூனஸ் இல்லாமலேயே அவர்மீதான விசாரணை நடந்து முடிந்தது.

போர்நிறுத்தம் முடிந்தாலும் அது கற்பித்த பாடம் முடியவில்லை. கொலை கூடினால் அரசு பேச வரும், கொலை குறைந்தால் அரசு நன்றிக்கடன் படும் என்பதைக் கும்பல் தலைவர்கள் அறிந்துகொண்டார்கள். மனித உயிர்களின் எண்ணிக்கை பேரத்தில் செல்லும் நாணயமாகிவிட்டது. தெருவின் அமைதி தெருவில் வாழ்பவர்களின் உரிமையாக இல்லாமல், சிறையிலிருந்த சில தலைவர்கள் நினைத்தால் தரவும் நினைத்தால் பறிக்கவும் கூடிய பொருளாக இருந்தது.

மூன்று நாட்கள், 87 உயிர்கள்

அதுவரை ஆண்டுவந்த இரு பெருங்கட்சிகள்மீதும் மக்களுக்கு ஏற்பட்ட வெறுப்பின்மேல் ஏறி, 37 வயது நயீப் புக்கேலே 2019 ஜூனில் அதிபரானார். 'நிலப்பரப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம்' என்ற பெயரில் காவலையும் படையையும் தெருக்களில் நிறுத்தினார்; கொலைகள் விரைந்து குறைந்தன. அந்தக் குறைவுக்குப் பின்னால் மீண்டும் ஓர் இரகசியப் பேரம் இருந்ததாக 2020 செப்டம்பரில் எல் ஃபாரோ ஆவணங்களோடு எழுதியது; 2021 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை அதே குற்றச்சாட்டின் பேரில் புக்கேலே அரசின் அதிகாரிகள் இருவர்மீது தடை விதித்தது. அரசு இதனை மறுத்தே வந்தது. இதற்கிடையே, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற புக்கேலேயின் கட்சி, 2021 மே 1 அன்று கூடிய முதல் அமர்விலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞரையும் பதவிநீக்கம் செய்துவிட்டது.

2022 மார்ச் 25 முதல் 27 வரையான மூன்று நாட்களில் 87 பேர் கொல்லப்பட்டார்கள். 26ஆம் தேதி ஒரே நாளில் 62 பேர். கொல்லப்பட்டவர்களில் பலர் எந்தக் கும்பலோடும் தொடர்பில்லாதவர்கள். எதிர்ப்பட்டவரைக் கொன்று எண்ணிக்கையை உயர்த்துவதே நோக்கமாக இருந்தது. அரசோடு இருந்த உடன்பாடு முறிந்ததன் விளைவே இந்தப் படுகொலை என்பதைக் காட்டும் ஒலிப்பதிவுகளை எல் ஃபாரோ இரண்டு மாதங்களில் வெளியிட்டது. பிணங்களை நாணயமாக்கிய பழைய பாடம் அதன் கொடிய வடிவில் திரும்பி வந்தது.

மார்ச் 27 அன்று நாடாளுமன்றம் நெருக்கடி நிலையை அறிவித்தது. கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையும் தொடக்கத்திலேயே வழக்கறிஞரைப் பெறும் உரிமையும் நிறுத்திவைக்கப்பட்டன; நீதிபதியின் முன் நிறுத்தாமல் ஒருவரைக் காவலில் வைக்கும் காலம் 72 மணி நேரத்திலிருந்து 15 நாட்களாக உயர்ந்தது; கும்பல் குற்றங்களுக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களையும் சிறைக்கு அனுப்பச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது நாட்களுக்கென்று வந்த அறிவிப்பு மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்த குண்டர் சட்டத்தில் தடுப்புக்காவலுக்கு ஓராண்டு என்ற உச்சவரம்பும், அறிவுரைக் கழகத்தின் மறுஆய்வும் உண்டு. எல் சால்வடோரில் அத்தகைய வரம்பு நடைமுறையில் இல்லாமற் போயிற்று. 80,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகமானோரைச் சிறையில் வைத்திருக்கும் நாடாக எல் சால்வடோர் மாறியது. 2023 தொடக்கத்தில் தெகொலூகாவில் 40,000 பேரை அடைக்கக்கூடிய 'செக்கோட்' சிறை திறக்கப்பட்டபோது, தலை மழிக்கப்பட்டு வெள்ளைக் கால்சட்டை மட்டும் அணிந்த கைதிகள் வரிசை வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் படங்களை அரசே உலகெங்கும் பரப்பியது.

பெற்றதும் கொடுத்ததும்

இதனால் விளைந்த நன்மையைச் சிறுமைப்படுத்துவது, அந்தத் தெருக்களில் முப்பது ஆண்டுகள் அஞ்சி வாழ்ந்தவர்களை அவமதிப்பதாகும். மாமூல் பெருமளவு நின்றது. எல்லைக்கோடுகள் மறைந்தன. இரவில் பிள்ளைகள் தெருவில் பந்தாடினார்கள். நாலு தெரு தள்ளியிருந்த உறவினர் வீட்டுக்கு மக்கள் மீண்டும் நடந்து போனார்கள். 2024 பிப்ரவரித் தேர்தலில் புக்கேலேக்கு 80 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகள் விழுந்ததை வெறும் பரப்புரையின் வெற்றி என்று ஒதுக்கிவிட முடியாது. உயிர் பிழைத்திருப்பதே முதல் உரிமை. அதை முந்தைய ஆட்சிகள் தரவில்லை என்ற மக்களின் சீற்றம் நியாயமானது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் மனிதர்களால் ஆனதே. கைதானவர்களுக்குள் கும்பலோடு தொடர்பே இல்லாதவர்கள் இருந்தார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் கூற்று மட்டுமன்று. சுமார் 8,000 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டதை 2024 இறுதியில் அதிபரே சொன்னார். பெயர் சொல்லாத ஒரு தொலைபேசிப் புகார், பழைய பச்சை குத்தல், அண்டை வீட்டாரின் பகை ஆகியவை கைதுக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. நூற்றுக்கணக்கானோரை ஒரே வழக்கில் நிறுத்தி விசாரிக்க 2023இல் சட்டம் செய்யப்பட்டது. அத்தகைய விசாரணையில் தனியொருவர் தன் குற்றமின்மையை எடுத்துச்சொல்ல வழியில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் காவலில் இறந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன; அவர்களில் பெரும்பாலோர்மீது எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கவில்லை. இவற்றை ஆவணப்படுத்தி வந்த கிறிஸ்தோசால் என்ற அமைப்பு 2025இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று அரசியல் சாசனம் திருத்தப்பட்டது.

இந்த நிகழ்வுகளைத் தனித்தனியாகப் பார்ப்பவர்களுக்கு, பாதுகாப்பு ஒரு கணக்கு, ஜனநாயகம் வேறு கணக்கு என்று தோன்றலாம். அவை ஒரே கணக்குதான். 2004இல் தோற்றத்தின் பேரில் கைது செய்வதைத் தடுத்து நிறுத்த ஒரு நீதிமன்றம் இருந்தது. 2012இலும் 2020இலும் இரகசியப் பேரங்களை வெளிக்கொணர ஓர் இதழ் இருந்தது. தவறாகக் கைதான ஒருவரின் தாய் இன்று முறையிடப் போகும் கதவுகள் அவையே. அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டுவருகின்றன. போர்நிறுத்தக் காலத்தில் தெருவின் அமைதி கும்பல் தலைவர்களின் விருப்பத்தில் நின்றது. இப்போது அது ஆள்பவரின் விருப்பத்தில் நிற்கிறது. இரண்டிலும் அது சட்டத்தின்மேல் நிற்கவில்லை.

பிற நகரங்கள் தேடிய வழிகள்

கடுமைக்கும் பேரத்துக்கும் வெளியே வழியே இல்லை என்பது உண்மையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 44 இளைஞர்கள் கொலையுண்டார்கள். 1992இல் ஒரு தேவாலயத்தில் இறுதிச்சடங்கு நடந்துகொண்டிருக்கையில் கும்பலொன்று புகுந்து தாக்கியபின், கறுப்பினப் போதகர்கள் சிலர் பிரசங்க மேடையை விட்டிறங்கி இரவு நேரங்களில் தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவல்துறையோடு சேர்ந்து கணக்கெடுத்தபோது, நகரின் இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே, சுமார் 1,300 பேர் கொண்ட 61 கும்பல்களே, இளைஞர் கொலைகளில் பாதிக்கும் மேலானவற்றுக்குக் காரணம் என்பது தெரியவந்தது. 1996இல் தொடங்கிய 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' திட்டத்தில் அந்தக் கும்பல்களைச் சேர்ந்தவர்களை நேருக்கு நேர் அழைத்து உட்காரவைத்து, காவலர்களும் போதகர்களும் சமூகப் பணியாளர்களும் ஒரே செய்தியைச் சொன்னார்கள்: துப்பாக்கிச்சூடு நிற்க வேண்டும், உங்களில் ஒருவர் கொன்றாலும் உங்கள் குழு முழுவதன்மீதும் சட்டத்தின் முழுக் கவனமும் திரும்பும், விலக விரும்புகிறவருக்கு வேலைக்கும் படிப்புக்கும் கை கொடுக்கப்படும். 1997இல் இளைஞர் கொலைகள் 15 ஆகக் குறைந்தன. அங்கும் பேச்சு நடந்தது. ஆனால் திரைமறைவில் நடக்கவில்லை. அங்கும் தண்டனை இருந்தது. ஆனால் ஊர் முழுவதன்மீதும் விழவில்லை. 2000க்குப் பிறகு அந்தக் கூட்டுழைப்பு தளர்ந்ததும் கொலைகள் மீண்டும் கூடின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். இத்தகைய அமைதி அன்றாடம் உழைத்துக் காக்கப்பட வேண்டியது.

கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் 1991இல் லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொலையுண்டார்கள். 2004இல் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளுக்குக் கம்பிவட ஊர்தி போய்ச் சேர்ந்தது. அப்போதைய மேயர் செர்ஹியோ ஃபஹார்தோ நகரின் மிக அழகிய கட்டடங்கள் மிக ஏழ்மையான பகுதிகளில் எழ வேண்டும் என்ற கொள்கையோடு நூலகங்களையும் பள்ளிகளையும் கட்டினார். கும்பல் மட்டுமே வந்துபோன மலைக்கு அரசு படியேறி வந்தது. ஆனால் அந்நகரின் அமைதிக்குள்ளும் ஓர் இருண்ட அறை உண்டு. 2002இல் 'கொமுனா 13' பகுதியில் படை நடத்திய ஓரியன் நடவடிக்கையில் துணைப்படைக் கும்பல்களின் கை கலந்திருந்தது. அப்போது காணாமற்போனவர்களைத் தேடிய தாய்மார்கள், அவர்கள் புதைக்கப்பட்டதாகச் சொல்லிவந்த கட்டட இடிபாட்டுக் குவியலிலிருந்து 2024 டிசம்பரில்தான், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் எலும்புகளைக் கண்டார்கள். கொலைகள் குறைந்ததற்கு ஒரு பகுதிக் காரணம், டான் பெர்னா என்ற ஒரே தலைவன் எல்லாக் கும்பல்களையும் தன் கீழ் வைத்திருந்தது. 2008இல் அவன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதும் வாரிசுச் சண்டையில் நகரம் மறுபடி இரத்தம் கண்டது. ஒருவரின் பிடியில் நிற்கும் அமைதி அந்தப் பிடி தளரும் நாளில் என்னவாகும் என்பதை மெடலின் முன்பே அனுபவித்திருக்கிறது.

தலைவர்களிடம் கேட்க வேண்டியவை

ஹோண்டுராஸ் 2022 இறுதியில் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஈக்வடோர் 2024 ஜனவரியில் கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுதப்போர் நடப்பதாகவே பிரகடனம் செய்தது. கும்பல் வன்முறைக்கு அஞ்சும் மக்கள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் சால்வடோரின் சிறைப் படங்களைக் காட்டும் அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் கொலை எண்ணிக்கை குறைந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது என்பதே சால்வடோரின் முப்பது ஆண்டுகள் தரும் படிப்பினை. அந்த எண்ணிக்கை 2012இலும் குறைந்தது. குறைந்தது எதனால், அந்தக் குறைவு யார் கையில் இருக்கிறது, தவறு நேர்ந்தால் திருத்த எந்த நீதிமன்றம் மிஞ்சியிருக்கிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கும்பல் தந்த இடத்தை இனி யார் தருவார்கள் என்ற கேள்விகளும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும். கும்பல் பறித்துக்கொண்ட வரியும் எல்லையும் தண்டனையும் அரசிடம் திரும்பி வருவது நீதிக்கான தொடக்கம். அவற்றை அரசு சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செலுத்தும்போதுதான் அது நிறைவுபெறும்.

சான் சால்வடோரை ஒட்டிய மரியோனா சிறையின் வெளியே, நெருக்கடி நிலை வந்த நாள்முதல் பெண்கள் வரிசையில் நின்றுவருகிறார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சோப்பு, பற்பசை, கொஞ்சம் உணவு ஆகியவை அடங்கிய பொட்டலத்தை மாதந்தோறும் வாங்கி உள்ளே கொடுத்தனுப்புகிறார்கள். அது மகனின் கையைச் சேர்ந்ததா, அவன் உயிரோடுதான் இருக்கிறானா என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. அவர்களில் சிலரின் மகன்கள் கொலைகாரர்களாகவே இருக்கலாம். சிலரின் மகன்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்களாக இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வதற்காகத்தான் மனித சமுதாயம் நீதிமன்றம் என்ற ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறது. அன்று பிள்ளையின் உயிருக்காகக் கும்பலிடம் வாரந்தோறும் பணம் கட்டிவிட்டு வாய்மூடி இருந்த தாய், இன்று அதே பிள்ளைக்காகச் சிறை வாசலில் பணம் செலவழித்துவிட்டு வாய்மூடி நிற்கிறாள். அவள் வாய் திறந்து கேட்கவும், கேட்டதற்கு ஒரு நீதிபதி விடை சொல்லவும் கூடிய நாளில்தான், அவளுடைய தெரு உண்மையிலேயே கும்பலிடமிருந்து மீட்கப்பட்டதாகும்.